கையில் பழைய படம், எதிரே அதே சுவர்: இங்கிலாந்தில் ஐந்து நாள்

முதல் நாள்: லேகாக்

தபால்தலை அளவுக்கு ஒரு காகிதத் துண்டு. அதில் ஒரு ஜன்னல், கண்ணாடி கறுத்தும் சட்டங்கள் வெளுத்தும் தலைகீழ் நிறத்தில். புகைப்படக் கலையின் முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்தது. கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் இதுதான் மூத்தது. எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளை எண்ணிவிடலாம் என்று அவரே பக்கத்தில் எழுதி வைத்தார். இப்போது காகிதம் மங்கிவிட்டது. எண்ண வேண்டுமானால் ஜன்னலுக்கு எதிரே போய்த்தான் நிற்க வேண்டும்.

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சிப்பன்ஹாம். அங்கிருந்து தெற்கே பேருந்தில் கொஞ்ச தூரம். லேகாக் அபே என்ற பழைய கன்னிமாடமும் அதை ஒட்டிய கிராமமும் 1944 முதல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கின்றன. படத்தில் உள்ளது தெற்குக் கூடத்தின் நடு ஜன்னல்.

அறைக்குள் நின்று வெளிச்சத்துக்கு எதிராக ஏன் எடுத்தார் என்று சிலர் கேட்பார்கள். வேறு வழி இல்லை. அன்றைய காகிதத்துக்கு ஒளி உணர்வு மிகக் குறைவு. கண்ணில் படுவதிலேயே அதிக வெளிச்சமானதைத்தான் அதால் பிடிக்க முடியும். செய்முறை இது: நல்ல எழுதுகாகிதத்தை மெல்லிய உப்புநீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதைச் சிறிய மரப்பெட்டிக் கேமராவில் வைத்து, உருவம் கண்ணுக்குத் தெரியும்வரை வெயிலில் விட வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு அவர் மனைவி வைத்த பெயர் எலிப்பொறி. கடைசியில் திரும்ப உப்புநீர், இம்முறை கெட்டியாக.

பிசகுவது பெரும்பாலும் உப்பில்தான். முதல் நனைப்பிலேயே உப்பு அதிகமானால் காகிதம் ஒளிக்கு மசியாது. இதை டால்பட்டே கண்டுகொண்டு, அதே குணத்தைக் கடைசியில் படத்தை நிறுத்தி வைக்கப் பயன்படுத்தினார். ஆனால் உப்பு, மிஞ்சிய வெள்ளியைக் கழுவி எடுப்பதில்லை, மந்தப்படுத்துகிறது அவ்வளவுதான். அதனால் இப்படிச் செய்த மூலப் படத்தை வெளிச்சத்தில் தொங்கவிட முடியாது. மிஞ்சிய வெள்ளியைக் கரைத்தெடுக்கும் ஹைப்போ என்ற ரசாயனத்தால் கழுவும் முறையை விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் சொல்லிக் கொடுத்தது 1839இல்.

இனிக் கட்டடம். 1232இல் சாலிஸ்பரி கோமாட்டி ஏலா கட்டிய மடம் இது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டது. வாங்கிய வில்லியம் ஷாரிங்டன் தேவாலயத்தை இடித்துவிட்டு, சுற்றுத் தாழ்வாரங்களை அப்படியே அடித்தளமாக வைத்து மேலே மாளிகை எழுப்பினார். 1750களில் சாண்டர்சன் மில்லர் கோதிக் பாணியில் ஒரு பெரிய கூடம் சேர்த்தார். நாம் பார்க்க வந்த ஜன்னலோ டால்பட் வீட்டைத் திருத்தியபோது வைத்தது. அதாவது அந்தப் படம் எடுத்தபோது ஜன்னலுக்குச் சில வயதுதான். மடத்துக் காலத்து ஜன்னல் என்று படத்தைப் பார்த்து நினைப்பவர்கள் ஏராளம். பழைய படத்தில் இருப்பதெல்லாம் படத்தைவிடப் பழையது என்ற நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

காகித நெகட்டிவ் நம் ஊருக்கும் வந்தது. மெழுகு ஏற்றிய காகிதத்தைப் பல நாள் முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம் என்பதால் வெயில் நாட்டுக்கு அது தோதானது. இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த ராணுவ அதிகாரி லினியஸ் ட்ரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்தது அதில்தான். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் தொடர்ச்சியாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார்.

இரண்டாம் நாள்: பாத்

அடுத்த ரயில் நிறுத்தமே பாத். கால் மணி நேரம்கூட ஆகாது. நேராக ராயல் கிரசென்ட். 1767 முதல் 1775 வரை ஜான் உட் என்ற மகன் உட் கட்டியது: பிறை வடிவில் 30 வீடுகள், 114 தூண்கள். அப்பா உட்டின் பெயரும் ஜான்தான். வழிகாட்டிப் பலகைகளை வேகமாகப் படிப்பவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள்.

உட் வரைந்தது முகப்பை மட்டும். ஆளாளுக்குச் சில தூண்கள் அகலம் முகப்பை வாங்கி, பின்னால் தங்கள் கட்டடக்காரரை வைத்து இஷ்டப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பாருங்கள்: கூரைகள் ஒரே உயரத்தில் இல்லை, ஜன்னல்கள் ஒரு வரிசையில் இல்லை. 18ஆம் நூற்றாண்டு அச்சுப் படங்கள் எல்லாமே புல்வெளிப் பக்கம் நின்று வரைந்தவை.

அந்த அச்சுப் படத்தையும் விக்டோரியா காலத்துப் புகைப்படத்தையும் இன்றைய முகப்பையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலாவதில் ஜன்னல்களுக்குச் சின்னச் சின்னச் சில்லுகள், ஜன்னலுக்குக் கீழே உள்ள அடிக்கல்லும் உயரத்தில். இரண்டாவதில் பல வீடுகள் அடிக்கல்லை வெட்டி இறக்கி, பெரிய ஒற்றைக் கண்ணாடி மாட்டியிருக்கும். மூன்றாவதில் சில வீடுகள் திரும்பவும் சில்லுகளுக்குப் போய்விட்டன. அந்த வீடுகளில் 2000த்தின் முகப்பு 1890இன் முகப்பைவிடப் பழசாகத் தெரிகிறது.

காரணம் கண்ணாடியில் இருக்கிறது. ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய கண்ணாடியில் நடுவே குமிழ் இருக்கும். அதைத் தவிர்த்துச் சிறு துண்டுகளாகத்தான் வெட்ட முடியும். போதாததற்கு 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்கு எடைப்படி வரி. வரி போனதும் பெரிய, கனமான தகடுகள் மலிந்தன. குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் அந்தக் கனத்தைத் தாங்க, மேலும் கீழும் தள்ளும் ஜன்னலின் மேல் சட்டத்துக்கு அடியில் இரு ஓரமும் சிறு கொம்புபோலக் கட்டையை நீட்டி விட்டார்கள். படத்தில் அந்தக் கொம்பு தெரிந்தால் அந்த ஜன்னல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோ அதற்குப் பிந்தியதோதான். வீட்டின் வயது அல்ல, ஜன்னலின் வயது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

அடைத்த ஜன்னலைக் கண்டதும் ‘ஜன்னல் வரி’ என்பது இன்னொரு பழக்கம். வரி உண்மைதான்: 1696இல் தொடங்கி 1851இல் போனது. ஆரம்பத்தில் வீட்டுக்கு 2 ஷில்லிங், 10 முதல் 20 ஜன்னல் இருந்தால் மேற்கொண்டு 4, அதற்கும் மேல் போனால் 8. ஆனால் பல ‘அடைத்த’ ஜன்னல்கள் திறந்திருந்ததே இல்லை. உள்ளே புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ வந்துவிட்ட இடத்தில், முகப்பின் சமச்சீர் கெடாமலிருக்க வைத்த பொய் ஜன்னல்கள் அவை. சோதனை எளிது. அடைப்பின் ஓரத்தில் விரலால் தடவுங்கள். கல்வரிசை அல்லது செங்கல் வரிசை சுற்றுச் சுவரோடு பல்போலக் கோத்திருந்தால் அது முதலிலேயே கட்டியது. மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ஒரு இடைவெளி ஓடினால் பிறகு அடைத்தது. புகைப்படத்தில் இதைக் காண்பது கடினம். நேரில் போவதன் பலன் இதுபோன்ற இடங்களில்தான்.

1942 ஏப்ரல் குண்டுவீச்சில் இங்குள்ள அசெம்பிளி ரூம்ஸ் என்ற பழைய நடனக்கூடம் எரிந்தது. திருத்தி மறுபடி திறந்தது 1963இல். இப்படி இழக்கப்போகும் கட்டடங்களை முந்திக்கொண்டு படமெடுக்கவே 1941இல் தேசியக் கட்டடப் பதிவகம் தொடங்கினார்கள். அதன் வாரிசான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆவணக்காப்பகம் ஸ்விண்டனில், பழைய ரயில்வே பட்டறையின் அலுவலகக் கட்டடத்தில் இயங்குகிறது. லண்டன் திரும்பும் வழியில் அதே பாதைதான். முன்பதிவு செய்யாமல் இறங்காதீர்கள்.

மூன்றாம் நாள்: லண்டன்

1875இல் செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் வார்விக் லேனில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய வண்டிச்சத்திரத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி. ஆல்ஃப்ரெட் மார்க்ஸ் என்பவர் முயற்சியில் ‘பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுக்கும் சங்கம்’ உருவானது. ஆல்ஃப்ரெட் பூல், ஜான் பூல் இருவரும் முதலில் எடுத்தார்கள். பிறகு ஹென்றி டிக்சன். 1886க்குள் 120 படங்கள்.

அச்சிட்ட விதம் முக்கியம். அக்காலத்தில் வழக்கமான முட்டைவெள்ளைக் காகித அச்சு மஞ்சளித்து வெளிறும். இவர்கள் கார்பன் அச்சுக்குப் போனார்கள்: கரித்தூள் கலந்த ஜெலட்டினில் டைகுரோமேட் என்ற ஒளி உணரும் உப்பை ஏற்றினால், ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடம் வெந்நீரில் கரைந்து போகும். மிஞ்சுவது கரி. கரி வெளிறாது. இன்றைக்கும் அந்தப் படங்களின் கறுப்பு அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கிளார்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக்காப்பகத்தின் படத் தொகுப்பை இணையத்திலேயே தேடலாம். தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், கட்டடப் பெயர்கள் மாறியிருக்கும்.

சத்திரம் இப்போது இல்லை. அதன் அமைப்பைக் காண சதர்க்கில் உள்ள ஜார்ஜ் இன்னுக்குப் போக வேண்டும். 1676இல் சதர்க்கில் பரவிய தீக்குப் பின் 1677இல் மறுபடி கட்டியது. முற்றத்தில் குதிரைவண்டிகள், சுற்றிலும் மாடிதோறும் மரத் தாழ்வாரம், அறைகளுக்குள் போக அந்தத் தாழ்வாரம்தான் வழி. ரயில் வந்ததும் தொலைதூரக் குதிரைவண்டித் தொழில் படுத்தது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸில் அறைகளை ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஜார்ஜை ஒரு ரயில்வே நிறுவனமே வாங்கிக் கிடங்காக்கி 1889இல் பெரும்பகுதியை இடித்தது. தெற்குப் பக்கம் மட்டும் மிச்சம். லண்டனில் தாழ்வாரத்தோடு மிஞ்சிய ஒரே வண்டிச்சத்திரம் இது. பழைய படங்களைப் பார்க்கும்போது ‘சத்திரம்’ என்ற தலைப்பை நம்பி, தாழ்வாரத்தில் நிற்பவர்களைப் பயணிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1875இல் அவர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருப்பவர்கள்.

படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை இங்கே பழகலாம். படத்தை அஞ்சலட்டை அளவில் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். வெயிலில் கைப்பேசித் திரை உதவாது. படத்தில் கிட்டத்து விளிம்பு ஒன்றையும், அதற்குப் பின்னால் தெரியும் தூரத்து விளிம்பு ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். ஒரு சுவரின் மூலையும் பின்வீட்டுப் புகைபோக்கியும் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இருப்பதுபோல இரண்டும் ஒட்டும்வரை இடமும் வலமும் நகருங்கள். பிறகு முன்னும் பின்னும்: படத்தில் கிட்டத்து ஜன்னலின் உயரம் தூரத்து ஜன்னலின் உயரத்தைப்போல எத்தனை மடங்கு என்று அளவுகோலால் பார்த்து, நேரில் அதே விகிதம் வரும் இடத்தில் நில்லுங்கள். கடைசியாக உயரம். கட்டடத்தின் கிடைக்கோடுகளில் தூரம் போகப்போக மேலே இருப்பவை இறங்கும், கீழே இருப்பவை ஏறும். இரண்டும் இல்லாமல் நேராக ஓடும் கோட்டின் உயரம்தான் கேமராவின் உயரம். அது பல படங்களில் முதல் மாடி ஜன்னலில் போய் நிற்கும். கூட்டத்துக்கு மேலே கேமராவை வைக்க எதிர்வீட்டு மாடியில் அனுமதி வாங்கியிருப்பார்கள். தெருவில் நின்று மணிக்கணக்காகத் தேடி ஏமாறுவது இதனால்தான்.

இன்னும் சில பொறிகள். 1850களிலிருந்து வந்த ஈரக் கொலோடியன் தகடு, அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தகடு, நீல ஒளிக்கே மசியும். எனவே வானம் வெறும் வெள்ளை, சிவப்புச் செங்கல் கிட்டத்தட்டக் கறுப்பு, நீலக் கதவு வெளுப்பு. வீட்டின் நிறத்தை இதிலிருந்து ஊகிக்கக் கூடாது. வெளிச்சம் குறைந்த சந்தில் பல வினாடி திறந்து வைத்ததால் நடந்து போனவர்கள் காணாமல் போனார்கள். நின்று திரும்பியவர்கள் புகைபோலத் தெரிவார்கள். ‘அக்காலத் தெருக்கள் எவ்வளவு அமைதி’ என்று பெருமூச்சு விடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு. கடைப் பலகை எழுத்தைப் பாருங்கள். எழுத்தே இல்லாவிட்டால் ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

ஹோல்பர்னில் ஸ்டேபிள் இன் என்ற பழைய வழக்கறிஞர் விடுதி. 1580களின் மரச்சட்ட முகப்பு, கறுப்பும் வெள்ளையுமாக இன்று எல்லோரும் படமெடுப்பது. 1880களின் தொடக்கம்வரை உள்ள படங்களைத் தேடினால் ஏமாற்றம்: முகப்பு முழுக்கப் பூச்சு. நெருப்புக்கும் குளிருக்கும் பயந்தும், பிறகு நாகரிகம் கருதியும் மரத்தை மூடியிருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் நடந்த சீரமைப்பில்தான் பூச்சைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டு வந்தார்கள். 1944 குண்டுவீச்சில் சிதைந்து மீண்டும் கட்டினார்கள். மரத்துக்குத் தார்க்கறுப்பு அடிப்பதே பெருமளவு விக்டோரியா கால ரசனை. பல ஊர்களில் ஓக் மரம் சாம்பல் நிறத்தில்தான் விடப்பட்டிருந்தது.

செங்கல் வீடுகளுக்கு ஓர் எளிய அளவுகோல். 1709 சட்டம் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் நகரங்களில் ஜன்னல் சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. தீ ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததுக்குத் தாவாமலிருக்க. 1774 சட்டம் மேலும் கீழும் தள்ளும் ஜன்னலுக்கு ஈடாகத் தொங்கும் எடைக்கட்டியின் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. படத்தில் ஜன்னல் சட்டம் சுவரோடு ஒட்டிப் பளிச்சென்று அகலமாகத் தெரிந்தால் முந்தியது, மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தால் பிந்தியது. வெளியூர்களில் இதை அப்படியே பயன்படுத்த முடியாது; அங்கே பழைய முறை பல பத்தாண்டுகள் நீடித்தது.

நான்காம் நாள்: பர்மிங்காம்

யூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஹர்ஸ்ட் தெருவும் இன்ஜ் தெருவும் சந்திக்கும் மூலையில் ‘கோர்ட் 15’. 1802க்கும் 1831க்கும் இடையில் கட்டிய 11 வீடுகள். நேஷனல் டிரஸ்ட் 2004 முதல் திறந்து வைத்திருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. படிக்கட்டு ஒடுக்கமும் செங்குத்தும் என்பதால் ஒரு குழுவில் சிலரைத்தான் விடுவார்கள்.

முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் என்று பெயர். ஒரே கூரைக்குக் கீழ் நடுச்சுவர்; முன்பாதி தெருவைப் பார்க்கும், பின்பாதி முற்றத்தைப் பார்க்கும். மாடிக்கு ஓர் அறையாக மூன்று அறை. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், காற்று வர ஒரே பக்கம். தண்ணீர்க் குழாயும் கழிப்பறைகளும் துணி துவைக்கும் ‘புரூஹவுஸ்’ கொட்டகையும் முற்றத்தில், எல்லோருக்கும் பொதுவாக. ஹர்ஸ்ட் தெருப் பக்கத்தில் உள்ள ஐந்து வீடுகள் இன்னொரு வகை: பின்சுவரில் ஜன்னலே இல்லாத குருட்டு முதுகு வீடுகள். முதல் உலகப் போர்க் காலத்தில் நகரில் 40,000க்கும் மேற்பட்ட முதுகொட்டு வீடுகள் இருந்தன. மிஞ்சிய ஒரே முழு முற்றம் இது.

தெருப் படத்தை மட்டும் வைத்து இவற்றை அடையாளம் காண்பது சிரமம். முகப்பு சாதாரண வரிசை வீடு போலவே இருக்கும். துப்பு இரண்டு. சில கதவுகளுக்கு ஒருமுறை, கதவு இல்லாத இருட்டு வாசல் ஒன்று வரும். அது முற்றத்துக்குப் போகும் சுரங்கப்பாதை. அடுத்து, வரிசையின் முனையில் பக்கச் சுவர் தெரிந்தால் அதன் அகலம். ஓர் அறை ஆழம் மட்டும் இருந்து கூரை ஒரே பக்கம் சரிந்தால் குருட்டு முதுகு. இரண்டு அறை ஆழம் இருந்து முகடு நடுவில் வந்தால் முதுகொட்டு. புகைபோக்கிச் சட்டிகளையும் எண்ணுங்கள். சட்டி ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு. இரண்டு கதவுள்ள முகப்புக்கு மேலே எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்கு சட்டிகள் இருந்தால், பின்னால் வேறு குடும்பங்கள் இருக்கின்றன.

இந்த ஊரில் இரண்டு கேமராக்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வேலை செய்தன. ஒன்று நகராட்சியின் கேமரா: இடிப்பதற்கு முன் ஆதாரமாகப் படமெடுத்தது. மோசமான முற்றங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்கள் வாசலில் விறைத்து நிற்பார்கள், குழந்தைகள் மட்டும் அசைந்து மங்கியிருப்பார்கள். இன்னொன்று நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ஸ்டோனுடையது. 1897இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கத்தைத் தொடங்கியவர். மரச்சட்ட வீடுகள், தேவாலயங்கள், கிராமச் சடங்குகள். அவருடைய சுமார் 22,000 அச்சுகள் பர்மிங்காம் நூலகத்தில் இருக்கின்றன. முதல் வகையை மட்டும் பார்த்தால் எல்லா முற்றமும் நரகம். இரண்டாவதை மட்டும் பார்த்தால் இங்கிலாந்தில் ஏழையே இல்லை. வெள்ளையடித்த வாசற்படி, சலவை செய்த ஜன்னல் திரை, பூந்தொட்டி இவை நகராட்சிப் படங்களின் ஓரங்களில் அகப்படும். எடுத்தவர் அவற்றைத் தேடி எடுக்கவில்லை என்பதாலேயே அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

அஞ்சலட்டைகள் வாங்க இந்த ஊர்ப் பழம்பொருள் சந்தைகள் தோது. முகவரியும் செய்தியும் ஒரே பக்கத்தில் எழுத அனுமதி 1902இல்தான் வந்தது. பின்பக்கம் நடுக்கோடு இருந்தால் அட்டை அதற்குப் பிந்தியது. அரைப் பென்னி தபால்தலை 1918 ஜூன்வரை. ஆனால் அட்டையின் தேதி படத்தின் தேதி அல்ல. பத்து வருடப் பழைய நெகட்டிவிலும் அட்டை போட்டிருக்கிறார்கள். வண்ண அட்டையில் வானமும் நிறமும் அச்சகத்தாரின் கற்பனை.

ஐந்தாம் நாள்: சால்டேர்

லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். இறங்கினால் ஆலை வாசல். டைட்டஸ் சால்ட் தன் 50ஆம் பிறந்தநாளில், 1853 செப்டம்பர் 20 அன்று திறந்த கம்பளி ஆலை. அதைச் சுற்றித் தொழிலாளருக்கு 800க்கும் மேற்பட்ட வீடுகள். கட்டட வரைஞர்கள் பிராட்ஃபோர்டின் லாக்வுட், மாசன். 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆலைகளின் கடிதத் தலைப்பில் அச்சான செதுக்குப் படங்களை அளவுக்கு நம்ப வேண்டாம். பறவைப் பார்வையில் கட்டடத்தை நீட்டுவார்கள், மனிதரை எறும்பாக்குவார்கள், எல்லாப் புகைபோக்கியிலும் புகை விடுவார்கள். புகை என்றால் தொழில் ஓடுகிறது என்று பொருள். அந்தப் புகைதான் பழைய புகைப்படங்களில் கல்லைக் கறுப்பாக்கியது. 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் சுத்தம் செய்த கட்டடங்கள் தேன் நிறத்தில் வெளிவந்தன. கழுவாத சுவர் ஒன்றாவது எந்த ஊரிலும் கிடைக்கும். முகப்பைச் சுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தை விட்டிருப்பார்கள்.

தெருக்களில் நடக்கும்போது கூரைக்கோட்டைப் பாருங்கள். வரிசையின் முனையில் மூன்று மாடிக்கு எழும் வீடுகள் மேற்பார்வையாளர்களுக்கு. நடுவில் தாழ்ந்தவை சாதாரணத் தொழிலாளருக்கு. சம்பளப் பட்டியல் கல்லில் எழுதியதுபோல் இருக்கும். தெருப் பெயர்களில் பல சால்ட்டின் மனைவி, மக்கள் பெயர்கள். அவர் காலத்தில் மதுக்கடைக்கு இடமில்லை. தெருவின் குறுக்கே துணி காயப்போடுவதும் அவருக்குப் பிடிக்காது. பொதுச் சலவைக்கூடம் கட்டினார். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அதை வீடுகளாக மாற்றினார்கள்.

முன்தெருக்களின் படங்கள் ஏராளம். பின்சந்துகளின் படம் மிகக் குறைவு. போனவர்கள் ஒரு காரியம் செய்யலாம். முற்றச் சுவர்களில் கழிப்பறைக்கும் நிலக்கரிக்கும் இருந்த சிறு திறப்புகளைப் பிற்காலத்தில் அடைத்த தடம் இருக்கும். பாத்தில் சொன்ன விரல் சோதனை இங்கும் செல்லும். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், இணைப்புக் கோடு அப்போதுதான் நிழலாகத் தெரியும். குப்பைத் தொட்டிகளை ஒதுக்க வேண்டாம். அச்சுப் போட்டுப் பின்னால் பென்சிலில் தேதி, தெரு, எந்தத் திசை பார்த்து நின்றீர்கள் என்று எழுதி வையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும்.